துப்பாக்கியும் உடையவர் கடமையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. எமக்கு இன்று அளிக்கப்பட்டிருக்கும் பொருளோ துப்பாக்கி. வள்ளுவர் வாக்கிலும் இந்த ஒலியுடைய சொல் உண்டு. மழை உணவை உண்டாக்கித் தரும் சிறப்பைச் சொல்லுமிடத்தில் அது வருகிறது. நாம் இன்று பேசப்போகும் துப்பாக்கி அதுவன்று. துருக்கியர் நாவிலிருந்து புறப்பட்டுப் பல நாடுகளைக் கடந்து வந்து நம் மொழியில் குடிபுகுந்த சொல் இது. ஒன்று உயிரை வளர்ப்பது. மற்றொன்று உயிரை எடுப்பது. ஒலியால் ஒன்றாகியும் பொருளால் எதிரெதிராக நிற்பவை அவை.

இப்பொருள் நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இரண்டு. நம்மவருள் பலர் தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்பை நாடி இங்கே வந்தவர்கள். ஊரில் பாட்டன் காலத்துத் துப்பாக்கி ஒன்று இன்னும் பரணிலே கிடக்கிற வீடுகள் உண்டு. அஃது ஒன்று. கடல் கடந்து அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகள், அங்கே மான் வேட்டைக்கென்றே செய்யப்படும் ஒருவகைத் துப்பாக்கியின் புகழை வீட்டுக்கு எழுதுகிறார்கள். அதைக் கேட்ட இங்குள்ள இளைஞர்க்கும் ஆவல் பிறக்கிறது. இஃது இரண்டாவது. ஆதலால் அத்துப்பாக்கி எத்தகையது, அதை உடையவர்கள் கண்ட நன்மை தீமைகள் யாவை, அவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறோம்.

பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் லேத்திலும் மில்லிங்கிலும் நாள்தோறும் இரும்பைக் கடைகிற கைகள் இங்கே பல இருக்கின்றன. உங்களுக்கு இதன் அமைப்பை விளக்குவது எளிது. தோளில் தாங்கிச் சுடும் துப்பாக்கிகளை இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் அது ஷாட்கன். உள்ளே சுருளாகப் புரி வெட்டியிருந்தால் அது ரைபிள். புரியில் உராய்ந்து செல்லும் குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டே போவதால் திசை மாறாமல் நெடுந்தொலை செல்லும். ஷாட்கன்னிலோ ஒரு தோட்டாவுக்குள் பல ஈய ரவைகள் அடைத்திருக்கும். அவை சிதறிப் பரவிப் பறவைகளை வீழ்த்தும்.

ஷாட்கன்னின் அளவை 12, 20 என்று எண்ணால் சொல்வார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று நுழையும் குழல் 12 எண் குழல். இருபதாக்கினால் 20 எண். ஆகவே எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 12 எண் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர்.

இந்தக் குழலில் ரவைக்குப் பதிலாக ஒரே கனத்த ஈயக் குண்டை இட்டுச் சுடுவதுண்டு. அதற்கு ஸ்லக் என்று பெயர். ஜெர்மானியரான வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1898இல் ஒரு வகையையும், அமெரிக்கரான கார்ல் பாஸ்டர் 1931இல் மற்றொரு வகையையும் அமைத்தனர். அதன் எடை ஓர் அவுன்சு, அதாவது ஏறத்தாழ 28 கிராம். மான் வேட்டை ரைபிளின் குண்டு 10 கிராம் அளவினதே. ஆனால் அது நொடிக்கு 850 மீட்டருக்கு மேல் பாயும். ஸ்லக்கோ நொடிக்கு 480 மீட்டரளவில் தளர்ந்தே செல்லும். அது கனத்தால் அடிப்பது, விரைவால் அடிப்பதன்று.

இனிப் போல்ட் என்பது யாது? கதவுக்குத் தாழ்ப்பாள் இடுவதுபோல் குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும் எஃகு உருளை அது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளித் தாழ்த்தினால் புதுத் தோட்டா உள்ளே ஏறிப் பூட்டிக்கொள்ளும். பட்டாளத்து ரைபிளில் பலரும் கண்ட அமைப்பே இது. அமெரிக்காவில் மார்லின், மாஸ்பர்க், சாவேஜ், பிரௌனிங் முதலிய நிறுவனங்கள் 1990களில் இந்தப் பூட்டை ஷாட்கன்னோடு பொருத்தி, குழலுக்குள் புரியும் வெட்டி, மேலே தொலைநோக்கியும் அமைத்து, மான் வேட்டைக்கென விற்றன.

ஷாட்கன்னை ஏன் இத்துணைப் பாடுபட்டு ரைபிள் போலாக்க வேண்டும்? ரைபிளையே வாங்கலாமே! இக்கேள்விக்குரிய விடையில்தான் நம் பொருளின் உயிர் இருக்கிறது.

ஒகையோ, இண்டியானா, இல்லினாய், ஐயோவா ஆகிய மாநிலங்கள் சமவெளி நாடு. சோளக்காடும் பண்ணை வீடும் கலந்து கிடக்கும் நாடு. அங்கே ரைபிளால் சுட்ட குண்டு மானைத் தவறினால், வயலைக் கடந்து அடுத்த பண்ணையின் முற்றத்துக்கும் போகும். ஆதலால் அம்மாநிலங்கள் நெடுங்காலம் மான் வேட்டைக்கு வழக்கமான ரைபிளை விலக்கி, ஷாட்கன்னை மட்டுமே இசைந்தன. பின்னாளில் இவ்விதிகள் சற்றுத் தளர்ந்தன. ஒகையோ 2014இல் நேரான கூடுடைய சிலவகைத் தோட்டாக்களுக்கான ரைபிள்களை ஏற்றது. எனினும் அடிப்படைக் கருத்து ஒன்றே: அயலான் அருகில் வாழ்கிறான், எனவே உன் குண்டு சீக்கிரம் மண்ணில் விழவேண்டும். வேட்டைக்காரரின் வசதியைப் பாராமல், வேலிக்கு அப்பால் இருப்பவரின் உயிரைப் பார்த்து எழுந்த விதியே இந்தத் துப்பாக்கியைப் பிறப்பித்தது.

இதை வைத்திருப்போர் சொல்லும் அனுபவங்களைக் கேட்போம். முதலாவது, குறி தவறாமை. குழல் பூட்டுக் கட்டையோடு அசையாமல் இறுகியிருப்பதால், வழக்கமான ஷாட்கன்னில் 50 கசத்துக்குமேல் ஐயமாக இருந்த குறி, இதில் 100 கசம், 150 கசம் வரை நம்பத்தக்கதாகிறது. இதற்குப் புரிக்குழலும், குண்டைத் தழுவிச் சென்று வழியில் கழன்றுவிடும் பிளாஸ்டிக் உறையோடு கூடிய சேபாட் தோட்டாவும் வேண்டும். அத்தோட்டாவின் விலை மிகுதி. ஐந்தைந்தாகப் பெட்டியில் விற்பார்கள். அதிலும் ஒரு விந்தை உண்டு. ஒரே நிறுவனம், ஒரே அச்சில் செய்த இரண்டு குழல்களில் ஒன்றுக்கு ஏற்ற தோட்டா மற்றொன்றுக்கு ஏற்காது. தன் குழல் எதை விரும்புகிறது என்று அறிய உடையவர் பலவகைத் தோட்டாக்களை வாங்கிக் காகிதக் குறியில் சுட்டுப் பார்க்கவேண்டும். இயந்திரத்தோடு பழகிய உங்களுக்கு இது வியப்பாகாது. ஒரே வகை லேத்துகள் இரண்டுக்கு இரண்டு குணம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

இரண்டாவது, உதைப்பு. 12 எண் ஸ்லக் தோளைக் கடுமையாகத் தாக்கும். அந்த அதிர்ச்சியில் தொலைநோக்கியின் திருகுகள் நெகிழும்; அடிக்கடி இறுக்காவிட்டால் குறி தானே விலகும். உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு சுடுவோரும் உண்டு. அவர்கள் 20 எண்ணுக்கு மாறி நலம் கண்டனர். மூன்றாவது, மெதுவான இயக்கம். பெட்டகத்தில் இரண்டே தோட்டாக்கள் கொள்வன பல. ஒருமுறை சுட்டால் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, தாழ்த்தி முடிப்பதற்குள் மான் மறைந்துவிடும். இதைக் குறையென்று சொல்வோரும் உளர். குணமென்று சொல்வோரும் உளர். அடுத்த குண்டு உடனே இல்லை என்று அறிந்தவன் முதல் குண்டை எண்ணிச் சுடுவான் என்பது பின்னவர் வாதம். அதில் நியாயம் இருப்பதாகவே எமக்குத் தோன்றுகிறது.

ஆனால் உடையவர் பலர் நெஞ்சில் ஊறிக்கிடந்த நம்பிக்கை ஒன்று உண்டு. ‘எம்முடையது ஷாட்கன், குண்டு தொலைவு போகாது, அயலார்க்கு அபாயமில்லை’ என்பதே அது. பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றத்தின் ஒரு குழு இதை ஆராயச் செய்து, 2007இல் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கியை உயரத் தூக்கிச் சுட்டால் ரைபிள் குண்டே மிகுதொலை போகும் என்பது உறுதியாயிற்று. ஆனால் தரைக்கு இணையாகப் பிடித்துச் சுட்டபோது கணக்கு மாறியது. கனத்த ஸ்லக் முன்னதாகவே நிலத்தில் பட்டாலும், அங்கே ஓயாமல் எகிறித் தாவி, ரைபிள் குண்டைவிடச் சற்று மிகுதியாகவே சென்றது; ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்! காப்பென்று கருதியது முழுக் காப்பன்று என்று தெரிந்தது. கருவியைத் தேர்ந்ததோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுவதே அபாயம் என்பது அந்த அறிக்கை தரும் பாடம்.

இந்தப் பாடத்துக்குத் துணையாக நம் முன்னோர் காட்டிய காட்சி ஒன்று உண்டு. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் அம்பைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அவ்வம்பு யானையை வீழ்த்தியது, புலியைக் கடந்தது, மானை உருட்டியது, பன்றியைச் சாய்த்தது, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தங்கியது. புலவர் பாடியது ஓரியின் வில்லாற்றலை. எனினும் இக்காலத்தார் அதில் வேறொன்றையும் காணலாம். எய்தவன் கண் பட்டது யானைமீதுதான். அம்பு ஓய்ந்ததோ உடும்பில். விட்டபின் அம்பு வில்லாளியின் சொல் கேளாது. அது ஓயும் இடம்வரை நேர்வன எல்லாம் அவன் கணக்கிலேயே ஏறும். யாம் சொல்லவந்தது இதுவே: துப்பாக்கியின் உடைமை குழல்வாயோடு முடிவதன்று, குண்டு ஓயும் இடத்திலேதான் முடிகிறது.

இக்கருத்தை மனத்திற்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம். போல்ட் பூட்டுள்ள ஷாட்கன் நமக்குப் புதிதன்று. முதல் உலகப்போருக்குப்பின் ஜெர்மனியில் மாசர் ரைபிள்கள் பலவற்றைக் குடைந்து, கேஹா என்ற பெயரில் ஷாட்கன்களாக்கினார்கள். இந்தியாவிலும் ஈசாப்பூர்த் தொழிற்சாலையில் லீ என்பீல்டு ரைபிள்களின் புரியை நீக்கிக் குழலை .410 அளவுக்கு விரித்து, ஒற்றைத் தோட்டா மஸ்கட்டாக்கிக் காவலர்க்கும் சிறைக்காவலர்க்கும் கொடுத்தார்கள். ரைபிள் பறிபோனால் ஆட்சிக்கே ஆபத்து. எனவே காவலர் கையில் குறுகிய ஆற்றலுள்ள கருவியே இருக்கட்டும் என்பது ஆங்கிலேயர் கணக்கு. அமெரிக்க மாநிலம் அயலானை எண்ணி ஆற்றலைக் குறைத்தது. அயல்நாட்டு ஆட்சி தன்னை எண்ணிக் குறைத்தது. செய்கை ஒன்றே, நோக்கம் வேறு.

விடுதலைக்குப்பின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவர்க்கும், வாயில் மருந்திடும் துப்பாக்கியை உண்மையாகவே பயிர்க்காப்புக்குக் கேட்பவர்க்கும் உரிமம் தருவதற்கு அது வழி வகுத்தது. புரி வெட்டிய குழலுக்கு இச்சலுகை கிடையாது. ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகள் மூன்றுக்கு மேற்படலாகாது என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. நம் அண்டையிலுள்ள குடகில் மட்டும், குடவர்க்கும் ஜம்மா நிலமுடையார்க்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. 2019இல் அதனை 2029 வரை நீட்டித்தார்கள். கைல்பொழுது விழாவில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குவது நாடறிந்தது. ஆண்டுக்கொரு நாள் வணங்குபவர், ஏனைய நாளெல்லாம் அதனிடம் மரியாதையோடு நடப்பர் என்று கொள்ளலாம்.

எம் குடும்பத்திலும் இரட்டைக்குழல் 12 எண் துப்பாக்கி ஒன்று இருந்தது. எம் தந்தையார் அதனை வைத்திருந்த முறையை இங்கே சொல்வது பொருந்தும். வாங்கிய தோட்டா உரிமப் புத்தகத்தில் ஏறும். செலவான தோட்டாவை அவர் தனிக் கணக்கில் எழுதுவார். மழைக்காலத்தில் பத்து நாளுக்கொருமுறை எண்ணெய் இடுவார். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்று வருவார். துப்பாக்கி ஓரிடம், தோட்டா ஓரிடம். இரண்டின் சாவியும் அவர் இடுப்பில். கடலைக் காட்டில் பன்றி புகுந்த இரவுகளில் அவர் சுட்டதெல்லாம் பன்றியை விரட்டும் ஓசைக்கே. அப்போதும் வானத்தை நோக்கிச் சுடமாட்டார். ஏரிக்கரையின் மண்மேட்டை நோக்கியே சுடுவார். ‘மேலே போனது கீழே வரும், எங்கே வரும் என்று நமக்குத் தெரியாது’ என்பார். பென்சில்வேனியா அறிக்கையைப் படித்தபோது எமக்கு அச்சொற்கள் நினைவுக்கு வந்தன.

இனி மானுக்கு வருவோம். நாம் குடியிருக்கும் பொம்மசந்திராவுக்கு மேற்கே, ஆனேக்கல் வட்டத்தை ஒட்டி, பன்னேர்கட்டாக் காடு இருக்கிறது. அது 1974இல் தேசியப் பூங்காவாயிற்று. அந்தக் காடு எல்லைக்கல்லோடு நிற்பதன்று. தெற்கே ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று தொடர்ந்து காவிரிக்கரைவரை செல்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அமைந்தது. புள்ளிமானும் கடமானும் வாழும் காடு இது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் என்ற வேட்டை எழுத்தாளர் தம் நூல்களில் அழியாப் பெயராக்கி வைத்த ஊர்கள் இவையே. விமானத் தொழிற்சாலையில் பணியாற்றிய அவர், 1974இல் மறைந்தார். அவர் மறைவுக்கு ஈராண்டு முன்னரே, 1972இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

அச்சட்டம் தொடக்கத்தில் சிலவகை வேட்டைக்கு உரிமம் தந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களையும் நீக்கியது. இன்று இந்நாட்டில் விளையாட்டுக்காகவோ இறைச்சிக்காகவோ மானைச் சுடுவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. கையில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கலாம். ஆனால் அது மானைச் சுடும் உரிமையன்று. இந்த வேறுபாட்டை நம் இளைஞர் நன்கு உணர்தல் வேண்டும்.

‘அமெரிக்கன் சுடலாம், நாம் சுடலாகாதா?’ என்று கேட்பாருக்கு விடை இது. அங்கே வெள்ளைவால் மான் ஒரு காலத்தில் வேட்டையால் அருகிப்போயிற்று; பின்னர்ச் சட்டத்தால் காத்து வளர்த்தார்கள்; அதனைத் தின்னும் ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் அழிந்துவிட்டமையால், இன்று கோடிக்கணக்கில் பெருகி நிற்கிறது. அங்கே வேட்டை, எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் முறைகளுள் ஒன்று. பருவமும் தொகையும் வரையறுத்தே நடப்பது. நம் காட்டிலோ புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவை மானை நம்பி வாழ்கின்றன. நாம் ஒரு மானைக் குறைத்தால் சிறுத்தையின் உணவைக் குறைக்கிறோம். பசித்த சிறுத்தை ஊர்ப்புறத்து ஆட்டையும் நாயையும் தேடி வரும். அங்கே ஸ்லக் ஒன்றரைக் கிலோமீட்டரில் ஓய்கிறது. இங்கே மானைக் கொன்ற குண்டு, ஆட்டுக்காரனின் பட்டியில் போய்த்தான் ஓய்கிறது!

பயிர் காக்கும் உழவனின் துயரை நாம் மறந்து பேசவில்லை. கிருட்டிணகிரிப் பக்கத்து ஊர்களில் ‘பன்றி குத்திப் பட்டான் கல்’ என்னும் நடுகற்கள் இருக்கின்றன. விளைபயிரை அழித்த பன்றியோடு பொருது மாண்ட வீரர்க்கு எடுத்த கற்கள் அவை. அந்தத் துயர் இன்றும் தீரவில்லை. கேரள அரசு 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் தந்து, உரிமம் பெற்ற துப்பாக்கி உடையவர்களைக்கொண்டு பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட வழி செய்தது. தமிழ்நாட்டு அரசு 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், காப்புக்காட்டு எல்லைக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதென முறை வகுத்தது. இவ்விரண்டிலும் பொது விதி ஒன்று உண்டு: யார் சுடுவது, எங்கே சுடுவது, எதைச் சுடுவது என்பவற்றுக்குப் பொறுப்பாளி ஒருவர் இருத்தல் வேண்டும். இருளில் ஒளிந்து நாட்டுத் துப்பாக்கியால் சுடுபவனுக்கு அப்படிப் பொறுப்பாளி யாரும் இல்லை. புதரில் அசைந்தது பன்றியா, சுள்ளி பொறுக்க வந்த பெண்ணா என்று அவன் அறியான்.

இறுதியாக, நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள். ஊரில் உரிமம் பெற்ற துப்பாக்கியை உடையவர், குடி பெயர்ந்து கருநாடகத்துக்கு வந்தால், உரிமம் செல்லும் எல்லையைப் பார்த்து, உரிய அதிகாரிக்கு அறிவித்த பின்னரே அதனைக் கொண்டுவரவேண்டும். ஒசூரைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது என்பதை மறக்கலாகாது. உரிமம் பெற்றிருந்த பெரியவர் மறைந்தால், ‘அப்பா நினைவாக இருக்கட்டும்’ என்று பிள்ளைகள் பரணில் வைப்பது சட்டப்படி குற்றமாகும். அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துச் சீட்டுப் பெறுக. விரும்பினால் வாரிசு தம் பெயரில் உரிமம் கேட்கலாம். உரிமமே இல்லாத பழந்துப்பாக்கி எதுவாயினும், வழக்கறிஞரைக் கலந்து விரைவில் ஒப்படைத்துவிடுக. விடுமுறைக்கு ஊர் போகும்போது மான்கறி விருந்துக்கு யாரேனும் அழைத்தால், உறவினரே ஆயினும் மறுத்துவிடுக. உண்பவர் இருப்பதால்தான் சுடுபவர் இருக்கிறார்.

பெருமக்களே! ஒகையோவின் உழவர் தம் அயலாரை எண்ணிக் கனத்த குண்டை ஏற்றார். எம் தந்தையார் முகம் தெரியாத வழிப்போக்கரை எண்ணி மண்மேட்டை நோக்கிச் சுட்டார். நம் நாடு இனி வரும் தலைமுறையை எண்ணி மானை நோக்கிய குழல்களையெல்லாம் தாழ்த்தச் சொல்லியிருக்கிறது. மூன்றும் ஒரே அறத்தின் மூன்று படிகள். பிறர் மண்ணில் வந்து குடியேறி, அயலாரோடு இணங்கி வாழக் கற்றவர்கள் நாம். ‘என் உரிமை எதுவரை?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘என் செயல் எங்கே போய் ஓய்கிறது?’ என்றும் கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் வளர்வதாக!